பழைய சிம் புது போனில் 4ஜி பிடிக்கவில்லை: 2ஜி, சிடிஎம்ஏ, 4ஜி, 5ஜி, எதற்கு எந்தக் கார்டு?

குடியாத்தம்_தறி எழுதியது:

வணக்கம். எங்கள் நைனா லுங்கி வியாபாரம் செய்கிறவர். செல்போன் வாங்கிய காலத்திலிருந்து ஒரே நம்பர். நூல் கடை, சாயப்பட்டறை, லாரி ஆபீஸ் என்று எல்லோரிடமும் அந்த நம்பர்தான் இருக்கிறது, அதனால் மாற்ற முடியாது. அவருக்கு ஒரு 4ஜி போன் வாங்கிக் கொடுத்து, பழைய பெரிய சிம்மை நானோ அளவுக்கு வெட்டிப் போட்டோம். பேச முடிகிறது. ஆனால் நெட் 2ஜி-க்கு மேல் ஏறவே இல்லை. அதே போனில் என் சிம்மைப் போட்டால் உடனே 4ஜி வருகிறது. இரண்டும் ஒரே கம்பெனி சிம்தான், வீடும் அதே வீடுதான்.

ஒரு கடையில் போன் செட்டிங் சரியில்லை என்றார்கள். இன்னொரு கடையில் "5ஜி சிம்" வாங்கச் சொல்லிக் காசு கேட்டார்கள். எது உண்மை?

இன்னொரு சந்தேகமும் உண்டு. பீரோவில் நைனாவுடைய பழைய மடக்கு போன் ஒன்று கிடக்கிறது. பேட்டரியைக் கழற்றிப் பார்த்தால் சிம் போடும் இடமே இல்லை. சிம் இல்லாமல் அது எப்படி வேலை செய்தது?

லாங்குபஜார்_சர்வீஸ் எழுதியது:

தம்பி, அந்த மடக்கு போன் சிடிஎம்ஏ, அதாவது சிம் போடும் ஜிஎஸ்எம் முறைக்குப் போட்டியாக இருந்த இன்னொரு செல்போன் முறை. 2003-ல் ரிலையன்ஸ் 501 ரூபாய்த் திட்டம் போட்டபோது ஊர் முழுக்க வந்ததே, அந்த வகை. பேட்டரிக்கு அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் ஈஎஸ்என் என்று அந்த போனுக்கே உரிய ஒரு நம்பர் அச்சாகியிருக்கும். பாருங்கள்.

முதல் கேள்விக்குப் பதில்: வெட்டின சிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டு, கம்பெனியின் சொந்த சேவை மையத்துக்குப் போய் அதே நம்பருக்குப் புது கார்டு வாங்குங்கள். செட்டிங் ஒன்றும் இல்லை.

காட்பாடி_கோர் எழுதியது:

லாங்குபஜார் அண்ணன் சொன்னது சரி. நான் மொபைல் கம்பெனிகளின் கோர் நெட்வொர்க் (டவர்களுக்குப் பின்னால் எல்லாவற்றையும் நடத்தும் மையப் பகுதி) பக்கம் வேலை பார்க்கிறவன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காரணம் தெரியாததால்தான் கடைக்குக் கடை ஒரு கதை சொல்கிறார்கள்.

சிம் என்பது மெமரி கார்டு இல்லை. அது ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அதற்குள்ளேயே பிராசசர் இருக்கிறது, நினைவகம் இருக்கிறது, சின்னதாக ஒரு இயங்குதளமும் இருக்கிறது. தங்க நிறத் தகடுகள் வழியாகப் போன் அதற்கு மின்சாரமும் கடிகாரத் துடிப்பும் கொடுக்கிறது, கேள்வி கேட்கிறது, பதில் வாங்கிக்கொள்கிறது.

அதில் முக்கியமாக இருப்பவை இரண்டு. ஒன்று ஐஎம்எஸ்ஐ என்ற 15 இலக்க அடையாள எண். முதல் மூன்று இலக்கம் நாடு (இந்தியாவுக்கு 404, 405 என்று தொடங்கும்), அடுத்து வருவது கம்பெனியும் வட்டமும் (தமிழ்நாடு, ஆந்திரா போன்ற சேவைப் பகுதி). 404 80 என்று தொடங்கினால் பிஎஸ்என்எல் தமிழ்நாடு. மீதி இலக்கங்கள் அந்த வாடிக்கையாளருக்கு உரியவை. இன்னொன்று கேஐ என்று நாங்கள் சொல்லும் 128 பிட் ரகசிய எண். இது இரண்டே இடத்தில் இருக்கவேண்டியது: உங்கள் கார்டில், கம்பெனியின் அங்கீகார மையத்தில் (ஆள் யாரென்று சரிபார்க்கும் கணினி). கார்டுக்குள்ளே போன கேஐ திரும்ப வெளியே வராது. போனால்கூட அதைப் படிக்க முடியாது.

கவனிக்கவேண்டியது என்னவென்றால், நீங்கள் எல்லோருக்கும் கொடுக்கும் 10 இலக்க செல் நம்பருக்கும் கார்டுக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. "இந்த ஐஎம்எஸ்ஐ-க்கு இந்த நம்பர்" என்ற முடிச்சு கம்பெனியின் கணினியில் இருக்கிறது. புது கார்டு வாங்கினால் ஐஎம்எஸ்ஐ, கேஐ எல்லாம் புதிது, முடிச்சை மட்டும் மாற்றிப் போடுகிறார்கள். அதனால் நைனாவின் நம்பர் எங்கும் போகாது, தைரியமாக மாற்றுங்கள்.

இனி 4ஜி ஏன் வரவில்லை என்பதற்கு வருகிறேன். 2ஜி காலத்துக் கார்டில் இருப்பது பழைய சிம் பயன்பாடு (கார்டுக்குள் ஓடும் மென்பொருள்) மட்டும். 3ஜி வந்தபோது யுசிம் என்ற புதுப் பயன்பாட்டை எழுதினார்கள். பார்க்க இரண்டு கார்டும் ஒரே மாதிரி இருக்கும், உள்ளே ஓடும் மென்பொருள் வேறு. 3ஜி-யில் பழைய கார்டையும் விட்டுக்கொடுத்து உள்ளே சேர்த்தார்கள். 4ஜி-யில் அந்தச் சலுகை கிடையாது. யுசிம் இல்லாத கார்டு எல்டிஇ (அதாவது 4ஜி) நெட்வொர்க்குக்குள் நுழையக் கூடாது என்று தரநிர்ணயத்திலேயே எழுதிவிட்டார்கள். உங்கள் போன் 4ஜி, டவர் 4ஜி, கார்டு மட்டும் 2ஜி. கதை அவ்வளவுதான்.

ராணிப்பேட்டை_சிப்காட் எழுதியது:

அப்போது கடைக்காரர் 5ஜி சிம் வாங்கச் சொன்னதும் சரிதானே? நானும் போன வருஷம் மாற்றினேன். மாற்றிய அன்றிலிருந்து ஸ்பீடு நன்றாகவே இருக்கிறது.

காட்பாடி_கோர் எழுதியது:

உங்களிடம் முன்பு இருந்தது எந்தக் காலத்துக் கார்டு என்பதைப் பொறுத்தது. அது 3ஜி காலத்துக்கு முந்தியது என்றால் வித்தியாசம் உண்மையிலேயே தெரிந்திருக்கும். 4ஜி-யில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார்டு என்றால் வேகத்துக்கும் கார்டுக்கும் சம்பந்தம் இல்லை. வேகத்தைத் தீர்மானிப்பது அலைக்கற்றை, டவரில் உள்ள நெரிசல், போனுக்குள் இருக்கும் மோடம். கார்டு வாசலில் ஆளை அடையாளம் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். நீங்கள் வீடியோ பார்க்கிறபோது அந்தத் தரவு ஒரு பைட்கூட சிம் வழியாகப் போவதில்லை.

2022 அக்டோபர் 1-ஆம் தேதி இந்தியாவில் 5ஜி தொடங்கியபோது, ஏற்கெனவே இருக்கும் 4ஜி சிம்மே போதும் என்று ஜியோ, ஏர்டெல் இரண்டும் அறிவித்தன. ஏர்டெல் ஆரம்பித்த முறையில் 5ஜி அலைவரிசை 4ஜி கோரின் மேல் சாய்ந்துகொண்டு ஓடுகிறது. ஜியோ தனி 5ஜி கோர் போட்டது. இரண்டிலும் பழைய யுசிம் வேலை செய்யும். "5ஜி சிம்" என்று சொல்லித் தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் புது கார்டுக்கு உண்மையான பலன் உண்டு. 4ஜி வரைக்கும் போன் சில சமயங்களில் தன் ஐஎம்எஸ்ஐ-யை மறைக்காமல் காற்றில் அனுப்ப வேண்டியிருக்கிறது. பக்கத்தில் போலி டவர் வைத்திருப்பவன் அதைப் பிடித்து, யார் இந்தப் பக்கம் போனார்கள் என்று கணக்கெடுக்க முடியும். தனி 5ஜி கோரில் அந்த அடையாளத்தைக் கம்பெனியின் பொதுச் சாவியால் (பூட்ட மட்டும் உதவும், திறக்க உதவாத சாவி) பூட்டி அனுப்ப வழி செய்திருக்கிறார்கள். அந்தப் பொதுச் சாவி கார்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும், பழைய கார்டில் அது இருக்காது. ஆக நெட் ஓடுவதற்கு இல்லை, மறைவுக்குத்தான் புது கார்டு உதவும்.

குடியாத்தம்_தறி எழுதியது:

மிக்க நன்றி சார். சேவை மையத்துக்கே போகிறேன். அந்தச் சிம் இல்லாத போன் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள், நைனாவும் கேட்கிறார். "அந்த போன்ல கொரல் கணீர்னு இருக்கும்டா" என்கிறார்.

லாங்குபஜார்_சர்வீஸ் எழுதியது:

நைனா சொல்வது நிஜம். குரல் நன்றாகத்தான் இருந்தது.

அந்தக் காலத்தில் சிடிஎம்ஏ போன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஜிஎஸ்எம் போனில் ஆளுடைய அடையாளம் கார்டில் இருக்கிறது, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எந்த போனுக்கும் போகலாம். சிடிஎம்ஏ போனில் அது பச்சை குத்தின மாதிரி, கருவியோடு ஒட்டிக்கொண்டது. ஈஎஸ்என் 32 பிட் எண், தொழிற்சாலையிலேயே எழுதிவிடுவார்கள். வாடிக்கையாளர் நம்பரையும் ரகசியச் சாவியையும் கம்பெனிக்காரர்கள் போனுக்குள்ளேயே ஏற்றுவார்கள். கேபிள் போட்டோ, ஒரு ரகசிய எண்ணைத் தட்டி உள்மெனுவைத் திறந்தோ செய்யும் வேலை அது.

போன் கீழே விழுந்து போர்டு போய்விட்டால் பாடு திண்டாட்டம். ஜிஎஸ்எம்காரர் கார்டைக் கழற்றி மச்சான் போனில் போட்டுப் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போய்விடுவார். சிடிஎம்ஏ-காரர் அதே கம்பெனி போனைத்தான் மறுபடி வாங்க வேண்டும், வாங்கி, அதன் ஈஎஸ்என்-ஐக் கம்பெனி கணக்கில் ஏற்றும்வரை காத்திருக்க வேண்டும். ஆற்காட்டிலிருந்து ஒரு மளிகைக்காரர் போனைத் தண்ணீரில் போட்டுவிட்டு வந்தார். உள்ளே இருந்த அத்தனை வாடிக்கை நம்பரும் போயிற்று. கார்டு இருந்திருந்தால் அதில் சேமித்தவர்களாவது, ஒரு 250 பேர் வரை, மிஞ்சியிருப்பார்கள்.

பின்னாளில் சிடிஎம்ஏ-க்கும் கார்டு வந்தது. ஆர்-யுஐஎம் என்று பெயர். அளவும் தகடும் சிம் மாதிரியேதான். அது பரவுவதற்குள் ஜிஎஸ்எம் எங்கேயோ முன்னே போய்விட்டது.

காட்பாடி_கோர் எழுதியது:

அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இது இங்கே மட்டும் நடந்தது இல்லை. அமெரிக்காவில் வெரைசன், ஸ்பிரிண்ட் இரண்டும் நெடுங்காலம் கார்டு இல்லாத சிடிஎம்ஏ போன்களைத்தான் விற்றன. அவர்களும் 4ஜி-க்கு எல்டிஇ-யைத் தேர்ந்தெடுத்த நாளில் சிம்முக்கு வந்தே ஆகவேண்டியிருந்தது. வெரைசன் 2010 டிசம்பரில் எல்டிஇ தொடங்கியபோது அந்தக் கருவிகளில் சிம் இருந்தது. 2017 வாக்கில் இந்தியாவில் சிடிஎம்ஏ கைப்பேசிச் சேவை ஏறக்குறைய முடிந்தே போயிற்று.

கார்டு என்ற யோசனை ஏன் வந்தது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியது. அதற்கு முந்தைய அனலாக் போன்களில் அடையாள எண் அப்படியே காற்றில் போகும். ரேடியோ வைத்துக் கேட்டு, இன்னொரு போனில் எழுதி, அடுத்தவர் கணக்கில் பேசினார்கள். ஐரோப்பாவில் ஜிஎஸ்எம்-ஐத் திட்டமிட்டவர்கள் இரண்டு காரியத்தைச் சேர்த்துச் செய்தார்கள்: ரகசியத்தைக் காற்றில் விடாமல் கார்டுக்குள் பூட்டினார்கள், அந்தக் கார்டைக் கழற்றக்கூடியதாக வாடிக்கையாளர் கையில் கொடுத்தார்கள். 1991-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரிலுள்ள கீசெக்கே அண்டு டெவ்ரியென்ட் கம்பெனி முதல் சிம் கார்டுகளைச் செய்து பின்லாந்தின் ரேடியோலிஞ்சா என்ற செல்போன் கம்பெனிக்கு 300 விற்றது. அப்போது சிம் என்பது ஏடிஎம் கார்டு அளவு, முழுசாகப் போனுக்குள் செருகவேண்டியது. பிறகு 25-க்கு 15 மில்லிமீட்டர், 15-க்கு 12, கடைசியில் 2012-ல் வந்த நானோ 12.3-க்கு 8.8. பிளாஸ்டிக்தான் குறைந்துகொண்டே வந்தது, உள்ளே சில்லு செய்யும் வேலை அதேதான்.

என்னைக் கேட்டால் அந்தக் கழற்றும் உரிமைதான் பெரியது. கார்டு என் கையில் இருந்ததால் போனை நான் தேர்ந்தெடுத்தேன், கம்பெனி தேர்ந்தெடுக்கவில்லை.

ஹாஸ்டல்_விழிப்பு எழுதியது:

அண்ணா, நான் காட்பாடியில் இன்ஜினியரிங் படிக்கிறேன். ரகசியம் கார்டை விட்டு வெளியே வராது என்றால் கம்பெனி அதை எப்படிச் சரிபார்க்கிறது? சிம் குளோன் (நகல் சிம்) செய்ய முடியும் என்று யூடியூபில் சொல்கிறார்களே?

காட்பாடி_கோர் எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2ஜி-யில் நடப்பது இது. போன் டவருக்கு "நான் இன்னார்" என்று ஐஎம்எஸ்ஐ-யையோ தற்காலிக எண்ணையோ அனுப்புகிறது. கம்பெனியின் அங்கீகார மையம் 128 பிட்டில் ஒரு தற்செயல் எண்ணை உருவாக்கி அனுப்புகிறது. போன் அதைக் கார்டிடம் கொடுக்கிறது. கார்டு அந்த எண்ணையும் தன் கேஐ-யையும் சேர்த்துக் கணக்குப் போட்டு 32 பிட்டில் ஒரு விடையைத் திருப்பித் தருகிறது. அங்கே மையத்திலும் அதே கணக்கைப் போட்டு வைத்திருக்கிறார்கள். இரண்டு விடையும் ஒன்றானால் ஆள் சரி. கூடவே 64 பிட்டில் ஒரு தற்காலிகச் சாவியும் பிறக்கிறது, பேச்சை மறையாக்க அது பயன்படுகிறது. அடுத்த முறை வேறு தற்செயல் எண், வேறு விடை. நடுவில் ஒட்டுக்கேட்டவனுக்குப் பழைய விடை பயன்படாது.

கணக்கு எந்தச் சூத்திரம் என்பதைக் கம்பெனியே தேர்ந்தெடுக்கலாம். ஆரம்பத்தில் பல கம்பெனிகள் காம்ப்128 என்ற ஒன்றை எடுத்துக்கொண்டன. அதை ரகசியமாகவே வைத்திருந்தார்கள். 1998-ல் அது வெளியே வந்து ஆராய்ச்சியாளர்கள் கையில் கிடைத்ததும் உடைந்துவிட்டது. கார்டைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டு விடைகளைச் சேர்த்தால் சில மணி நேரத்தில் கேஐ-யைக் கண்டுபிடித்துவிடலாம் என்றானது. யூடியூபில் பார்க்கும் குளோன் வீடியோக்களின் வேர் இதுதான். இப்போதைய யுசிம்களில் மைலனேஜ் போன்ற சூத்திரங்கள் ஓடுகின்றன. அவை வெளிப்படையாக அச்சிடப்பட்டவை, யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம். அந்தப் பழைய வித்தை இவற்றில் நடக்காது.

2ஜி-யில் இன்னொரு பெரிய ஓட்டை இருந்தது. கம்பெனி போனைச் சோதிக்கிறது, போன் கம்பெனியைச் சோதிப்பதில்லை. எவன் டவர் வைத்தாலும் போன் நம்பிவிடும். யுசிம் வந்தபோது அதை அடைத்தார்கள். தற்செயல் எண்ணோடு ஒரு சான்றும் சேர்ந்து வரும். கார்டு முதலில் அந்தச் சான்றைத் தன் கேஐ வைத்துச் சரிபார்க்கும், வரிசை எண் முன்னோக்கிப் போகிறதா என்றும் பார்க்கும். ஒத்துவந்தால்தான் விடை சொல்லும். 4ஜி பழைய கார்டை வாசலிலேயே நிறுத்துவதற்கு இதுதான் காரணம். குடியாத்தம் தம்பி கேட்ட கேள்வியின் ஆழம் இங்கே இருக்கிறது.

கேஐ வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டால், கார்டு செய்யும் தொழிற்சாலைக்குத் தெரியும். அங்கேதான் அது எழுதப்படுகிறது. ஜெமால்ட்டோ என்ற பெரிய சிம் தயாரிப்புக் கம்பெனியின் வலையமைப்புக்குள் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவு அமைப்புகள் நுழைந்து சாவிகளைத் திருடின என்று 2015 பிப்ரவரியில் செய்தி வந்தது. கம்பெனி ஊடுருவல் நடந்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டது, மொத்தமாகச் சாவிகள் போனதாக ஏற்கவில்லை.

ஆனால் நம் ஊரில் மக்கள் பணம் இழப்பது குளோனால் இல்லை. போலி ஆவணம் கொடுத்து உங்கள் நம்பருக்கு வேறொருவன் புது கார்டு வாங்கிவிடுகிறான். நான் மேலே சொன்ன முடிச்சை அவன் பக்கம் மாற்றிக்கொள்கிறான். கணக்கு, சூத்திரம் எதையும் உடைக்கத் தேவையில்லை. காரணமில்லாமல் உங்கள் போனில் திடீரென்று சேவை போய், பல மணி நேரம் வரவில்லை என்றால் சும்மா இருக்காதீர்கள். வேறு போனிலிருந்து கம்பெனியையும் வங்கியையும் கூப்பிடுங்கள்.

பாகாயம்_அக்கா எழுதியது:

இந்த இழையைப் பார்த்ததும் நீண்ட நாள் சந்தேகம் ஒன்றைக் கேட்கத் தோன்றியது. நான் சி.எம்.சி. மருத்துவமனைப் பக்கம் தங்கும் விடுதி ஒன்றில் வரவேற்பில் இருக்கிறேன். கொல்கத்தா, ஜார்க்கண்ட், வங்கதேசம் என்று நோயாளிகளோடு குடும்பமாக வருகிறார்கள். வங்கதேசத்திலிருந்து வந்த ஒரு அம்மாவின் போனில் சேவை இல்லை என்றே காட்டியது. அவர் மகன் அந்தச் சிம்மை என் போனில் போட்டுப் பார்த்தான், அதிலும் இல்லை. என் சிம் அவர் போனில் நன்றாக வேலை செய்தது. சிம் கெட்டுவிட்டது என்று அழாத குறை. ஊருக்குத் திரும்பியதும் அதே சிம் நன்றாக வேலை செய்ததாகச் சொன்னார்கள். இது எப்படி?

காட்பாடி_கோர் எழுதியது:

அக்கா, முதலில் அந்தக் கம்பெனிக்கும் இங்கே உள்ள கம்பெனிக்கும் ரோமிங் ஒப்பந்தம் இருக்க வேண்டும், அந்த அம்மாவின் கணக்கில் வெளிநாட்டு ரோமிங் திறந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் இங்கே உள்ள நெட்வொர்க் "இவருக்கு அனுமதி இல்லை" என்று பதில் அனுப்பும்.

அந்தப் பதில் எங்கே எழுதி வைக்கப்படுகிறது தெரியுமா? சிம்மில். மறுத்த நெட்வொர்க்குகளின் பட்டியல் என்று ஒரு சின்னக் கோப்பு கார்டில் இருக்கிறது. அதில் ஏறிய நெட்வொர்க்கைப் போன் தானாக மறுபடி முயற்சி செய்யாது. கார்டை உங்கள் போனில் போட்டபோது அந்தப் பட்டியலும் கூடவே வந்துவிட்டது, அதனால் உங்கள் போனும் முயலவில்லை. ஊருக்குப் போனால் சொந்த நெட்வொர்க் அந்தப் பட்டியலில் இல்லை, உடனே சேவை கிடைத்துவிட்டது.

ரோமிங்கை ஊரிலிருந்து திறந்துவிட்ட பிறகும் சேவை வராவிட்டால், செட்டிங்கில் நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து கைத்தேர்வுக்கு மாற்றி, பட்டியலில் வருவதை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். ஏற்றுக்கொண்டுவிட்டால் அந்தப் பெயர் மறுப்புப் பட்டியலிலிருந்து நீங்கிவிடும்.

ராணிப்பேட்டை_சிப்காட் எழுதியது:

இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா தெரியவில்லை. சித்தூர் ரோட்டில் கிறிஸ்டியான்பேட்டை தாண்டினால் என் போனில் ஆந்திரா டவர் வந்துவிடுகிறது.

காட்பாடி_கோர் எழுதியது:

அதே வழிமுறைதான். ஒரே கம்பெனி ஆனாலும் தமிழ்நாடு வட்டத்துக்கு ஒரு எண், ஆந்திர வட்டத்துக்கு ஒரு எண். சொந்த எண்ணுள்ள டவர் கிடைக்காதபோது அண்டை வட்டத்தில் ஏறிக்கொள்கிறது. கடைசியாக எந்தப் பகுதியில் இருந்தோம் என்பதையும் கார்டு குறித்து வைக்கும், போனை அணைத்துப் போடும்போது அங்கிருந்தே தேடலைத் தொடங்குவதற்காக.

ஹாஸ்டல்_விழிப்பு எழுதியது:

அப்படியென்றால் ஜியோ சிம்மைப் பழைய நோக்கியாவில் போட்டால் வேலை செய்யாதது யுசிம் என்பதாலா?

காட்பாடி_கோர் எழுதியது:

இல்லை. ஜியோவுக்கு 2ஜி, 3ஜி டவரே கிடையாது. 2016 செப்டம்பர் 5-இல் தொடங்கியபோதே 4ஜி மட்டும்தான், 5ஜி பிறகு வந்தது. குரலும் தரவாகவே போகிறது, அதுதான் வோல்ட்இ. பழைய நோக்கியா கார்டைப் படித்துவிடும், ஆனால் போய்ச் சேர நெட்வொர்க் இல்லை. மற்ற கம்பெனிகளின் புது கார்டுகளில் யுசிம்மோடு பழைய சிம் பயன்பாடும் சேர்த்தே எழுதியிருப்பது வழக்கம், அதனால் பட்டன் போனிலும் ஓடும்.

ஹாஸ்டல்_விழிப்பு எழுதியது:

நான் இ-சிம்முக்கு மாறலாம் என்று இருக்கிறேன். பிளாஸ்டிக்கே வேண்டாம், கியூஆர் ஸ்கேன் செய்தால் முடிந்தது. இனி எல்லோருக்கும் அதுதானே நல்லது?

லாங்குபஜார்_சர்வீஸ் எழுதியது:

தம்பி, எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. கடைக்கு வருபவர்களில் பாதிப்பேர் வயசானவர்கள். போன் ஆன் ஆகாது, கையில் தூக்கிக்கொண்டு வருவார்கள். நான் செய்யும் முதல் வேலை, டிரேயைத் திறந்து கார்டை எடுத்து ஒரு பட்டன் போனில் போட்டுக் கொடுப்பது. "பேசிக்கிட்டு இருங்கம்மா, சாயங்காலம் வாங்க" என்று அனுப்பிவிடுவேன். இ-சிம்மில் அதைச் செய்ய முடியுமா? செத்த போனுக்குள்ளே நம்பர் மாட்டிக்கொள்ளும். சிடிஎம்ஏ காலத்தில் பட்டதுதான் மறுபடி.

காட்பாடி_கோர் எழுதியது:

அண்ணன் கவலை நியாயமானது. ஆனாலும் சிடிஎம்ஏ-யோடு ஒன்றாகச் சேர்க்கக் கூடாது. இ-சிம்மிலும் சில்லு உண்டு, போனின் போர்டிலேயே ஒட்டியிருக்கும், அதற்கு 32 இலக்கத்தில் தனி எண் உண்டு. கம்பெனியின் சேவையகத்திலிருந்து ஐஎம்எஸ்ஐ, கேஐ எல்லாம் அடங்கிய ஒரு கட்டு மறையாக்கி வந்து அந்தச் சில்லுக்குள் இறங்கும். வழியில் போனின் ஆண்ட்ராய்டாலும் அதைப் பிரித்துப் படிக்க முடியாது. ஒரே சில்லில் பல கம்பெனிகளின் கட்டுகளை வைத்துக்கொள்ளலாம், அழிக்கலாம், வேறு இறக்கலாம். சிடிஎம்ஏ-யில் இதெல்லாம் நினைத்தே பார்க்க முடியாது. திருடன் போனைப் பிடுங்கினால் கார்டைக் கழற்றி எறிய முடியாது என்பதும் ஒரு நன்மை.

ஆனால் போன் மாற்றும் ஒவ்வொரு முறையும் கம்பெனியின் தயவு வேண்டும். கார்டு என்றால் யாரையும் கேட்கவேண்டாம். அந்த இடத்தில் நானும் லாங்குபஜார் அண்ணன் கட்சிதான். வெளியூர் போய்வருகிற, இரண்டு போன் வைத்திருக்கிற பிள்ளைகளுக்கு இ-சிம் சரி. குடியாத்தம் நைனா மாதிரி ஒரே நம்பரில் பிழைப்பு நடத்துகிறவருக்கு இன்றைக்கும் கார்டுதான் என்பது என் அபிப்பிராயம்.

குடியாத்தம்_தறி எழுதியது:

நைனாவுக்குக் கார்டே வாங்குகிறேன். மாற்றுவதற்கு முன் செய்யவேண்டியது ஏதாவது உண்டா?

காட்பாடி_கோர் எழுதியது:

நான்கு விஷயம். சிம்மில் சேமித்த பெயர்கள் புது கார்டுக்குத் தானாக வராது, முதலில் போனுக்கு நகலெடுத்துவிடுங்கள். அடுத்து, புது கார்டு உயிர்பெற்ற பிறகு 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, போகாது. சிம் மாற்றி ஏமாற்றுகிறவர்களைத் தடுக்க வைத்த விதி அது. ஓடிபி வராது என்பதால் நூல்காரருக்குப் பணம் அனுப்பவேண்டிய நாளில் மாற்றாதீர்கள். கம்பெனி மாறும் எண்ணம் இருந்தால் இன்னொன்றும் உண்டு: 2024 ஜூலை 1 முதல், சிம் மாற்றி ஏழு நாள் ஆகாமல் நம்பரை வேறு கம்பெனிக்குக் கொண்டுபோக முடியாது.

நம்பர் யார் பெயரில் இருக்கிறதோ அவரே நேரில் போக வேண்டும். பழைய நம்பர்கள் பல, கடைக்காரர் பெயரிலோ மச்சான் பெயரிலோ கிடக்கும். அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 2018-ல் ஏர்செல் சேவை முடங்கி ஜனங்கள் நம்பரைக் காப்பாற்ற ஓடியபோது, ஆவணம் வேறு பெயரில் இருந்தால் என்ன பாடு என்று யோசித்துப் பாருங்கள்.

ஒடுகத்தூர்_மலையடி எழுதியது:

எங்கள் பக்கம் மலை மேல் ஏறினால் 2ஜி மட்டும்தான் கிடைக்கிறது. போலி டவருக்குப் பயந்து 2ஜி-யை அணைத்துவிடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். செய்யலாமா?

காட்பாடி_கோர் எழுதியது:

ஆண்ட்ராய்டு 12 முதல் சில போன்களில் அந்த வசதி இருக்கிறது. டவுனில் இருப்பவர்கள் அணைக்கலாம், நல்லது. நீங்கள் அணைக்காதீர்கள். மேலே போனதும் பேச்சே இல்லாமல் போய்விடும்.

ஒடுகத்தூர்_மலையடி எழுதியது:

சரிங்க சார். மேலே இருக்கும் அண்ணன் ரொம்பப் பழைய பட்டன் போன் வைத்திருக்கிறார். புது நானோ கார்டை அதில் போட முடியுமா?

லாங்குபஜார்_சர்வீஸ் எழுதியது:

அடாப்டர் சட்டத்தில் வைத்துப் போடலாம். பெரும்பாலும் ஓடும். மிகப் பழைய போன்கள் சிம்முக்கு 5 வோல்ட் கொடுக்கும்படி செய்தவை, இப்போதைய கார்டுகள் 3 வோல்ட்டுக்கும் 1.8 வோல்ட்டுக்கும் உள்ளவை. அந்த வகை போன் என்றால் "சிம் செருகவும்" என்றே காட்டிக்கொண்டிருக்கும், கார்டில் தப்பு இல்லை.

ஒன்றில் மட்டும் கவனம். வெறும் சட்டத்தைக் கார்டு இல்லாமல் ஸ்லாட்டில் தள்ளாதீர்கள், இழுக்கும்போது உள்ளே இருக்கும் மெல்லிய தொடுகம்பிகள் மாட்டிப் பிய்ந்துவிடும். கார்டைச் சட்டத்தில் வைத்து, பின்பக்கம் மெல்லிய டேப் ஒரு துண்டு ஒட்டி, தங்கத் தகடு மேடு பள்ளம் இல்லாமல் சமமாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு நிதானமாகச் செருகச் சொல்லுங்கள். தகடு மங்கலாக இருந்தால் பென்சில் அழிக்கும் ரப்பரால் லேசாகத் தேய்த்துத் துடைத்தால் போதும், பிளேடு வைத்துச் சுரண்ட வேண்டாம்.